மருந்து விலையை மறைப்பதேன்?

அடையாற்றுக்கு நாள்தோறும் வந்து சேரும் வெளியூர் ஜனங்கள் எல்லோரும் ஆலமரத்தைப் பார்க்கவும் கடற்காற்று வாங்கவும் வருகிறவர்களல்லர். புற்றுநோய் வைத்தியசாலையைத் தேடி, நகையை அடகு வைத்தும், காணியை ஒற்றிக்கு விட்டும், உற்றாரிடம் கைமாற்று வாங்கியும் வருகிறவர்கள் அவர்களில் அநேகர். வைத்தியர் எழுதிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்துக் கடையின் முன் நிற்கும்போது அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு ஆகும்?" கடைக்காரர் ஒரு தொகையைச் சொல்லுகிறார். அந்தத் தொகை நியாயமானதா, அதே சரக்கு வேறு பெயரில் என்ன விலைக்குக் கிடைக்கும், சர்க்கார் அதற்கு வரம்பு ஏதேனும் விதித்திருக்கிறதா என்பவற்றில் ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. கேட்ட தொகையைக் கொடுக்கிறார்கள். கொடுக்க இயலாதவர்கள் பத்து மாத்திரைக்குப் பதில் நாலு மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ரேஷன் கடையில் அரிசி பருப்பின் கையிருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. 1999-ல் தோன்றிய உழவர் சந்தைகளில் கத்தரிக்காயின் அன்றைய விலை காலையிலேயே எழுதப்படுகிறது. தங்கத்தின் விலையைப் பத்திரிகைகள் தினந்தோறும் பிரசுரிக்கின்றன. கத்தரிக்காய் வேண்டாமென்றால் வெண்டைக்காய் வாங்கலாம். தங்கம் வேண்டாமென்று சும்மா இருந்துவிடலாம். வேண்டாமென்று சொல்ல முடியாத பண்டம் மருந்து. அதன் விலைதான் மறைவில் இருக்கிறது. இந்த முறைகேட்டைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

மூவர் நடுவே நோயாளி

மற்ற வியாபாரங்களுக்கும் மருந்து வியாபாரத்துக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் உண்டு. மருந்தை உண்பவர் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுக்கும் வைத்தியர் அதற்குப் பணம் கொடுப்பதில்லை. விற்கும் கடைக்காரர் அதை மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளில் 65-ஆவது விதியைப் பாருங்கள். வைத்தியர் சீட்டின் பேரில் மட்டும் விற்கவேண்டிய எச் அட்டவணை மருந்துகளைச் சீட்டில் கண்டபடியே கொடுக்க வேண்டும். அதே சரக்கு அடங்கிய வேறு மருந்தைக்கூட அதற்குப் பதிலாகக் கொடுக்கலாகாது என்று அது கூறுகிறது. நோயாளியின் பாதுகாப்பை உத்தேசித்துச் செய்த விதி இது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வைத்தியர் மருந்தின் பொதுப் பெயரை எழுதாமல் ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயரை எழுதிவிட்டால், அந்தக் கம்பெனி வைத்ததே விலை என்று ஆகிவிடுகிறது. பக்கத்து அலமாரியில் அதே சரக்கு பாதி விலைக்கு இருந்தாலும் கடைக்காரர் எடுத்து நீட்ட முடியாது.

வைத்தியர்கள் பொதுப் பெயரையே எழுத வேண்டுமென்று தேசிய மருத்துவக் கமிஷன் 2023 ஆகஸ்டு 2-ஆம் தேதி ஒரு விதி செய்தது. மருந்துகளின் தரத்துக்கு யார் உத்தரவாதம் என்று வைத்தியர் சங்கங்கள் ஆட்சேபித்தன. அதே மாதம் 23-ஆம் தேதி விதி நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்றே வாரத்தில் முடிந்த கதை இது. ஆகவே தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு இன்னும் வரவில்லை. விலையைத் தெரிந்துகொள்ளும் உரிமையாவது இருக்கிறதா? ஏட்டில் இருக்கிறது; கடையில் இல்லை.

சட்டம் இல்லாமலில்லை

1961-ல் அமெரிக்க செனட்டின் கெபாவர் கமிட்டி உலக நாடுகளின் மருந்து விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. மிக ஏழை நாடுகளில் ஒன்றான இந்தியாவில் மருந்து விலை உலகத்திலேயே மிக உயர்ந்த வரிசையில் இருந்ததை அது எடுத்துக் காட்டிற்று. மறு வருஷம் சீன யுத்தம் வந்தது. அந்த நெருக்கடியில் இந்திய சர்க்கார் முதலில் பிறப்பித்த உத்தரவு எது என்பது கவனிக்கத்தக்கது. விலைகளைக் கட்டுப்படுத்தும் உத்தரவு 1963-ல் வந்தது. அதற்கு முன்பே, 1962-ல், மருந்து விலைகளைப் பகிரங்கமாகக் காட்ட வேண்டும் என்னும் உத்தரவு வந்துவிட்டது. முதலில் வெளிச்சம், பிறகு கட்டுப்பாடு என்ற முறை சரியான முறையே. அறுபது வருஷங்களுக்கு மேலாகியும் அந்த முதற்படியை நாம் ஏறி முடிக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இன்று அமலில் இருப்பது அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ்ப் பிறந்த 2013-ஆம் வருஷத்து மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு. அதன் 24, 25, 26-ஆவது பாராக்களை ஒவ்வொரு பிரஜையும் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து செய்பவர் ஒவ்வொருவரும் தமது விலை ஜாபிதாவை வியாபாரிகளுக்கும், மாகாண மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும், சர்க்காருக்கும் அனுப்ப வேண்டும். வியாபாரி அந்த ஜாபிதாவைத் தமது கடையில் யாவர் கண்ணிலும் படும் இடத்தில், பார்க்க விரும்புகிறவர் எவரும் எளிதில் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஜாபிதாவில் உள்ள விலை, அட்டையில் அச்சிட்ட விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஒரு காசும் வாங்கலாகாது. இதே உத்தரவு இன்னும் இரண்டு காரியங்களைச் சொல்லுகிறது: அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுத்தால் நாலு மாத்திரைக்குரிய விகித விலைதான் வாங்க வேண்டும், தக்க காரணமின்றி மருந்தை விற்க மறுக்கலாகாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. இந்த ஜாபிதா எத்தனை கடைகளில் கண்ணில் படும்படி இருக்கிறது? வாசகர்கள் தங்கள் தெருக் கடைக்குப் போய்ப் பார்க்கட்டும். சுவாமி படம் இருக்கும். லைசென்ஸு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். சத்து மாவின் விளம்பரம் வர்ணத்தில் மின்னும். தள்ளுபடி அறிவிப்பு கொட்டை எழுத்தில் இருக்கும். விலை ஜாபிதா எங்கே என்று கேட்டால் கடைப் பையன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான்.

அட்டையில் உள்ள விலை

"அட்டையிலேயே அதிகபட்ச விலை அச்சாகியிருக்கிறதே, இதற்கு மேல் என்ன ஜாபிதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அச்சு எதைச் சொல்லுகிறது என்பதைக் காட்டிலும் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே முக்கியம்.

முதலாவது, அது வரம்பேயன்றி விலையாகாது. அந்த வரம்பைப் பெரும்பாலான மருந்துகளுக்கு விதிப்பவர் சர்க்கார் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படியன்று. 1979-ஆம் வருஷத்து உத்தரவின் கீழ் 347 மருந்துச் சரக்குகள் விலைக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1987-ல் அவை 142 ஆகவும், 1995-ல் 74 ஆகவும் சுருங்கின. 2013-ல் முறையே மாறிற்று. அத்தியாவசிய மருந்துகளின் தேசிய ஜாபிதாவில் கண்டவை கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2022-ல் வெளியான ஜாபிதாவில் 384 மருந்துகள் இருந்தன. இவற்றின் உச்சவரம்பும் செய்கூலியைக் கணக்கிட்டு விதிக்கப்படுவதில்லை. சந்தையில் 100-க்கு 1 வீதமாவது விற்பனையுள்ள கம்பெனிகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைகளின் சராசரியை எடுத்து, அதன் மேல் கடைக்காரர் லாபம் 16 வீதம் சேர்த்து விதிக்கப்படுகிறது. ஜாபிதாவுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு ஆரம்ப விலையைக் கம்பெனியே இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். பிறகு பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை 10 வீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டுமே தடை.

இரண்டாவது, அதே சரக்கை வேறு கம்பெனி என்ன விலைக்குக் கொடுக்கிறது என்பதை அட்டை சொல்லாது. ஒரே சரக்கு இருபது பெயரில் இருபது விலையில் இருக்கலாம். 2018 செப்டம்பர் முதல் பொதுப் பெயரை வியாபாரப் பெயரைக் காட்டிலும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆயினும் பெயர் மட்டும் தெரிந்து, ஒப்பிட்டுப் பார்க்க விலைகள் தெரியாமற்போனால் என்ன பயன்?

மூன்றாவது, கம்பெனி அந்த அட்டையை மொத்த வியாபாரிக்கு என்ன விலைக்கு விற்றது என்பதை அட்டை சொல்லாது. மறைவின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018 பிப்ரவரியில் டில்லி வட்டாரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள் நாலின் பில்களைப் பரிசோதித்தது. சில சாமான்களில் வாங்கிய விலைக்கு மேல் 1,737 வீதம் வரை லாபம் ஏறியிருந்தது. அச்சிட்ட விலைக்கு மேல் யாரும் வாங்கியதால் வந்த லாபமன்று இது. அச்சிடும் விலையையே முன்கூட்டி உயர்த்தி வைத்ததால் வந்தது. மொத்தமாக வாங்குகிறவர் அதிக லாபம் கேட்கிறார்; ஆர்டர் கைநழுவாதிருக்கக் கம்பெனி அட்டையில் பெரிய தொகையை அச்சிடுகிறது; நோயாளி அதைக் கொடுக்கிறார். சட்டம் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. கொள்ளை மட்டும் நடந்தேறுகிறது.

இப்போது கடை வாசலில் தொங்கும் "100-க்கு 20 தள்ளுபடி" என்ற பலகையின் பொருள் நன்கு விளங்கும். பத்து ரூபாய்க்கு வாங்கிய அட்டையில் நூறு ரூபாய் அச்சாகியிருந்தால், இருபது ரூபாய் தள்ளிக் கொடுத்த பின்னும் எழுபது ரூபாய் லாபம் நிற்கிறது. வாங்குகிறவர் இருபது ரூபாய் மிச்சமென்று மகிழ்ந்து போகிறார். விலை தெரியாதவனுக்குத் தள்ளுபடி ஒரு தாலாட்டு.

அடையாறு கண்ட பாடம்

அடையாற்றுப் புற்றுநோய் வைத்தியசாலையின் பிறப்பே தேசத் தொண்டின் சரித்திரத்தைச் சேர்ந்தது. காந்தியடிகள் 1930-ல் கைதானபோது சட்டசபைப் பதவியைத் துறந்து வெளியேறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1923-ல் தமது சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1952-ல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அம்மையார் அதைத் திறந்தார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தங்கள் ஆயுளை அதற்கு அர்ப்பணம் செய்தார்கள். ஏழைக்கு ஒரு சிகிச்சை, பணக்காரனுக்கு ஒரு சிகிச்சை என்ற பேதம் கூடாது என்பது அதன் கொள்கை. ஆனால் வைத்தியசாலை தர்மமாக இருந்தால் மட்டும் போதுமா? மருந்தின் விலை தர்மமாக இருக்க வேண்டாமா?

புற்றுநோய் மருந்தைச் சூழ்ந்து இரண்டு மதில்கள் நின்றன. ஒன்று ஏகபோகம், மற்றொன்று மறைவு. முதல் மதிலில் பெரிய உடைப்பு ஏற்பட்டது இந்தச் சென்னையிலேதான். இரத்தப் புற்றுநோய்க்குரிய இமாடினிப் என்ற மருந்தின் ஒரு வடிவத்துக்குச் சுவிட்சர்லாந்துக் கம்பெனியான நோவார்ட்டிஸ் பேடண்ட் கேட்டது. சென்னைப் பேடண்ட் ஆபீஸு 2006 ஜனவரியில் மறுத்தது. கம்பெனி சட்டத்தையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை ஹைகோர்ட்டு 2007 ஆகஸ்டில் தள்ளியது. கடைசியாக 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தக் கம்பெனியின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய்; இந்தியக் கம்பெனிகள் செய்தது சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமான 1970-ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டத்துக்கு வழி வகுத்தது 1959-ல் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் கொடுத்த அறிக்கை என்பதையும் தமிழர் நினைவில் வைக்கலாம். 1901-ல் பிரபுல்ல சந்திர ராய் பெங்கால் கெமிக்கல்ஸைக் கம்பெனியாக்கிய நாள் முதல், 1935-ல் ஹமீது சிப்லாவைத் தொடங்கிய நாள் முதல், நம் தேசத்தார் உழைத்த உழைப்பு வீண்போகவில்லை. மருந்து செய்வதில் சுதேசியம் வெற்றி பெற்றது.

ஆனால் இரண்டாவது மதில் அப்படியே நின்றது. மருந்து மலிவாகச் செய்யப்பட்டது. மலிவாகக் கைக்கு வரவில்லை. 2019 பிப்ரவரி 27-ஆம் தேதி விலை நிர்ணய ஆணையம், கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த 42 புற்றுநோய் மருந்துகளுக்கு இடைத் தரகு லாபம் 30 வீதத்துக்கு மேற்படக் கூடாது என்று உத்தரவிட்டது. கம்பெனிகள் தாங்கள் முதலில் விற்கும் விலையைச் சொல்லியாக வேண்டியதாயிற்று. மார்ச்சு மாதத்தில் ஆணையம் 390 வியாபாரப் பெயர்களின் புதிய விலைகளை வெளியிட்டது. சிலவற்றின் விலை 87 வீதம் வரை இறங்கியிருந்தது.

இதன் பொருளை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நூறு ரூபாய்க்கு விற்ற மருந்து பதின்மூன்று ரூபாய்க்கு வந்துவிட்டது. கம்பெனி அதுவே, தொழிற்சாலை அதுவே, மருந்தும் அதுவே. தொழிலாளியின் கூலியில் காசு குறையவில்லை. கம்பெனி முதலில் விற்ற விலைக்கும் கை வைக்கவில்லை. குறைந்தது ஒன்றுதான்: நடுவிலே யாரும் காணாமல் இருந்த லாபம். அதற்கு முன் எத்தனை குடும்பங்கள் அந்த எண்பத்தேழு ரூபாய்க்காக நிலத்தை விற்றன என்று எந்தக் கணக்கிலும் எழுதி வைக்கப்படவில்லை.

வரி குறைந்தது; விலை குறைந்ததா?

விலை ஜாபிதா வெறும் சம்பிரதாயமன்று என்பதற்கு 2025-ல் நடந்ததே சாட்சி. அவ்வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் மருந்துகளின் மேல் சரக்கு சேவை வரி 12 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைந்தது. புற்றுநோய் மருந்துகள் சில உட்பட உயிர் காக்கும் மருந்துகள் பலவற்றுக்கு வரியே நீக்கப்பட்டது. வரியோடு 112 ரூபாய்க்கு விற்ற மருந்து 105 ரூபாய்க்கு வரவேண்டும். ஆனால் கடைகளில் இருந்த அட்டைகளில் பழைய விலையே அச்சாகியிருந்தது. அவற்றைத் திருப்பி வாங்கிப் புதுச் சீட்டு ஒட்ட வேண்டியதில்லை. திருத்திய ஜாபிதாவைக் கம்பெனிகள் கடைகளுக்கு அனுப்பி, அதன்படி கடைக்காரர் விற்றால் போதும் என்று சர்க்கார் கூறிற்று.

வியாபாரிகளின் கஷ்டத்தை உத்தேசித்த சலுகை இது, இதில் தவறில்லை. ஆனால் இதன் பலன் என்ன? அட்டை ஒரு விலை சொல்லுகிறது. சட்டம் வேறு விலை சொல்லுகிறது. சட்டம் சொல்லும் விலை இருப்பது ஜாபிதாவில் மட்டும். அந்த ஜாபிதா நோயாளியின் கண்ணில் படாவிட்டால், சர்க்கார் விட்டுக்கொடுத்த வரி யார் பையில் போய் விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பிற தேசங்களில்

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் சீட்டு மருந்தின் விலையை விளம்பரம் செய்வது கடைக்காரருக்குக் குற்றமாக இருந்தது. ஜனங்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரே வட்டாரத்தில் ஒரே மருந்து ஒரு கடையில் 1 டாலர் 20 சென்டுக்கும் மற்றொரு கடையில் 9 டாலருக்கும் விற்றது வழக்கில் வெளியாயிற்று. 1976-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அன்றாட அரசியல் விவாதத்தைக் காட்டிலும் பண்டத்தின் விலை பற்றிய செய்தியில் சாமானிய மனிதனுக்கு அக்கறை அதிகமாகவே இருக்கக்கூடும் என்ற கருத்தை நீதிபதிகள் வெளியிட்டார்கள். அரசியல் விவாதத்தில் ஈடுபட்டிருக்கும் நமது வாசகர்கள் இதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கும் போராட்டம் அத்துடன் முடியவில்லை. இன்ஷூரன்ஸு மூலம் வாங்குவதைவிட ரொக்கத்துக்கு வாங்கினால் மலிவு என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது என இடைத் தரகர்கள் கடைக்காரர் வாயைக் கட்டி ஒப்பந்தம் எழுதினார்கள். 2018 அக்டோபரில்தான் சட்டம் செய்து அந்தக் கட்டை அவிழ்த்தார்கள்.

நமக்குப் பக்கத்திலே இலங்கையில் டாக்டர் சேனக பிபிலே 1971-ல் அரசாங்க மருந்துக் கார்ப்பொரேஷனை அமைத்து, பொதுப் பெயரில் மொத்தமாக மருந்து வாங்கும் முறையை நடத்திக் காட்டினார். 2019 மே மாதம் உலக சுகாதார மகாசபையே மருந்து விலைகள் பகிரங்கமாக இருக்க வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றிற்று. உலகம் ஒப்புக்கொண்ட காரியத்தைத்தான் நாம் கேட்கிறோம்.

ஆட்சேபங்கள்

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களையும் பார்ப்போம். "மலிவு மருந்து மட்டமான மருந்து, விலைகளைக் காட்டினால் ஜனங்கள் மட்டத்தையே வாங்குவார்கள்" என்கிறார்கள். தரத்தைப் பற்றிய பயம் பொய்யன்று. காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் கலந்திருந்து, 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்ட கோரத்தை யாரும் மறக்க முடியாது. ஆனால் அதுவும் ஒரு வியாபாரப் பெயருடன் விற்ற மருந்தே. பெயர் காக்கவில்லை. தரத்தைக் காக்க வேண்டியது பரிசோதனைச் சாலையும் இன்ஸ்பெக்டரும். விலை அதற்குச் சாட்சியாகாது. தமிழ்நாடு மருத்துவச் சேவைக் கார்ப்பொரேஷன் 1995 முதல் பொதுப் பெயரில் டெண்டர் மூலம் மருந்து வாங்கி, பரிசோதித்து, சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி வருகிறது. பிற மாகாணங்கள் பின்பற்றிய முறை அது. தரமும் மலிவும் கூடி வாழக்கூடும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

"ஆயிரக்கணக்கான மருந்துகளின் ஜாபிதாவைச் சிறு கடையில் எங்கே தொங்கவிடுவது?" என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. கடைக்காரர்களை நாம் விரோதிகளாகக் கருதவில்லை. கட்டுப்பாட்டு மருந்தில் அவருக்குள்ள 16 வீத லாபத்தில் வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். பெரிய லாபம் பெரும்பாலும் அவருக்கு மேலே உள்ளவர்கள் அச்சிடும் விலையில் பிறக்கிறது. ஆகவே முழு ஜாபிதாவும் புத்தகமாகவோ கணினித் திரையிலோ இருக்கட்டும். கேட்டவர் பக்கம் திருப்பிக் காட்டட்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, காய்ச்சல் முதலிய நோய்களுக்கு ஜனங்கள் அதிகமாக வாங்கும் ஐம்பது மருந்துகளின் உச்சவரம்பு விலையை மட்டும் தமிழில் பலகையில் எழுதி வைக்க இடமில்லாத கடை ஏது? தள்ளுபடிப் பலகைக்கு இடம் இருக்கிறதே!

"கைப்பேசியிலே பார்த்துக்கொள்ளலாமே" என்று மூன்றாவது ஆட்சேபம். விலை நிர்ணய ஆணையம் 2016-ல் "பார்மா சஹி தாம்" என்ற பெயரில் ஒரு செயலியை வெளியிட்டது. படித்தவர்க்கு உதவக்கூடியதே. ஆனால் கிராமத்திலிருந்து வந்து, வலியால் துடிக்கும் மனைவியைப் பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்கு ஓடி வரும் மனிதர் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? 2023 ஆகஸ்டு முதல் 300 மருந்துப் பெயர்களின் மேல் க்யூ.ஆர். குறியீடு கட்டாயமாயிற்று. அதில் இருக்கவேண்டிய விவரங்கள் என்று விதித்தவற்றில் விலை இல்லை! செய்த தேதி உண்டு. காலாவதித் தேதி உண்டு. லைசென்ஸு எண் உண்டு. நோயாளி முதலில் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

செய்ய வேண்டியவை

நமது கோரிக்கைகள் சுருக்கமானவை. முதலாவது, 2013-ஆம் வருஷத்து உத்தரவு கூறும் ஜாபிதா ஒவ்வொரு கடையிலும், ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் கடையிலும், இருந்தே தீரவேண்டும். முக்கிய மருந்துகளின் விலை தமிழில் எழுதப்பட வேண்டும். எத்தனை கடைகளைச் சோதித்தார்கள், எத்தனையில் ஜாபிதா இருந்தது என்ற கணக்கைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரசுரிக்க வேண்டும். இரண்டாவது, கம்பெனி முதலில் விற்ற விலையும் அட்டையில் அச்சாக வேண்டும். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுவில் உள்ளதைக் குழந்தையும் கழித்துப் பார்த்துவிடும். மூன்றாவது, வைத்தியர் எந்த வியாபாரப் பெயரை எழுதினாலும் பக்கத்தில் பொதுப் பெயரையும் எழுத வேண்டும். நான்காவது, 2008-ல் ஆரம்பமான மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் விற்கும் விலைகளை ஊரறியப் பிரசுரிக்க வேண்டும். அவை மலிவுக் கடைகளாக மட்டும் இருந்தால் அங்கே போகிறவருக்குப் பயன். அளவுகோலாக இருந்தால் போகாதவருக்கும் பயன்.

சர்க்காரை எதிர்பார்த்துக்கொண்டு ஜனங்கள் கையைக் கட்டியிருக்க வேண்டியதில்லை. பொது ஊழியத்தில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு நாம் ஒரு வேலை சொல்லுகிறோம். கட்சி எதுவாயினும் ஆகுக. காந்தி நகரிலோ, சாஸ்திரி நகரிலோ, இந்திரா நகரிலோ, தங்கள் வட்டத்தில் உள்ள மருந்துக் கடைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போகட்டும். விலை ஜாபிதாவைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்கட்டும். இருக்கிறதா, இல்லையா என்று எழுதட்டும். வாங்கும் ஒவ்வொரு மருந்துக்கும் பில் கேட்டு வாங்கட்டும். அட்டை விலையையும் பில் விலையையும் ஒப்பிடட்டும். ஒரே சரக்குக்குப் பத்துக் கடைகளில் பத்துப் பெயரில் உள்ள விலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, தெருமுனையில் ஒட்டட்டும். சட்டம் மீறப்பட்டிருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பட்டும். கடைக்காரரிடம் சச்சரவு செய்ய வேண்டாம். கூட்டம் சேர்க்கவும் வேண்டாம். கேள்வி கேட்பவர் பெருகினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் தாமே தேடிக்கொண்டு வருவார்கள்.

வெள்ளைக்கார ஆட்சியில் வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்டதிலிருந்துதான் நமது சுதந்திர வேட்கையின் ஒரு பகுதி பிறந்தது. நோயாளி தன் உயிருக்காகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று கேட்பதும் அதே உரிமையின் பாற்பட்டது. மருந்தைச் செய்ய நம்மவர்க்குத் தெரிந்துவிட்டது. அதன் விலையைச் சொல்ல ஏன் நா எழவில்லை? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். நியாயமான விலை வைத்திருப்பவர் அதை வாசலில் எழுதி வைக்கட்டும்; எழுத மறுப்பவரை, மடியில் என்ன என்று கேட்பது நமது கடமை.